பீட்டர் லாலர்: கட்சி மாறினாரா, நாம்தான் தப்பாகப் படித்தோமா?

ஆஸ்திரேலிய வரலாற்றில் அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் தூக்கி, தலைக்கு 200 பவுண்டு விலை வைக்கப்பட்டு, ஓர் ஆண்டுக்குள் அதே அரசாங்கத்தின் சட்டமன்றத்தில் போய் உட்கார்ந்தவர் ஒருத்தர் உண்டு. பெயர் பீட்டர் லாலர். கலகத்தில் இடது கையை இழந்தவர். கடைசியில் விக்டோரியா சட்டமன்றத்தின் சபாநாயகராக ஏழு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றார்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவர் ஜனநாயகத்துக்காக ரத்தம் சிந்திய வீரர்; சட்டமன்றக் காலம் அவர்களுக்கு ஒரு பின்குறிப்பு. இன்னொரு கட்சிக்கு அவர் பதவி கிடைத்ததும் தோழர்களைக் கைவிட்ட ஆசாமி. நமக்குப் பழகின சொல்லில் சொன்னால் கட்சித் தாவல். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. இரண்டு பேரும் 1854-ல் லாலர் முழு ஜனநாயகவாதியாக இருந்தார் என்று முதலிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். அது உண்மையா என்று கேட்டுப் பார்த்தால் கதையே வேறு மாதிரி போகிறது.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒரு புரோகிராம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், மேலே எழுதி வைத்திருக்கிற விளக்கத்தைப் படித்து நம்பிவிட மாட்டோம். லாக்கைத் திறந்து பார்ப்போம். அரசியல்வாதிக்கு லாக் என்பது அவர் போட்ட ஓட்டும், உட்கார்ந்த நாற்காலியும், பணம் போட்ட கம்பெனியும்தான். லாலரை அப்படித்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

லைசென்ஸ் என்ற வயிற்றெரிச்சல்

முதலில் பின்னணி. விக்டோரியா தனிக் காலனியாகப் பிரிந்தது 1851-ல். அதே ஆண்டு அங்கே தங்கம் கிடைத்தது. உலகம் பூராவும் இருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். அரசாங்கம் தங்கம் தோண்டுகிற ஒவ்வொருவரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றது. ஆரம்பத்தில் மாதத்துக்கு 30 ஷில்லிங். பிறகு கொஞ்சம் குறைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இது கிடைத்த தங்கத்தின் மேல் போட்ட வரி இல்லை. தோண்டுவதற்கே கட்டணம். மற்ற இடங்களில் மேலாகக் கிளறினாலே தங்கம் கிடைத்த காலம் உண்டு. பல்லாரட்டின் யூரேகா பகுதியில் அப்படி இல்லை. பழைய ஆற்றுப் படுகை பூமிக்கு அடியில் புதைந்து கிடந்தது. நூறு அடிக்கு மேல் குழி இறக்கணும், தண்ணீர் ஊறும், பக்கவாட்டு மண் சரியாமல் இருக்கப் பலகை அடிக்கணும். நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து மாதக்கணக்கில் தோண்டுவார்கள். அடியில் தங்கம் இருக்கலாம், வெறும் சேறும் இருக்கலாம். ஆனால் லைசென்ஸ் காசு மட்டும் தவணை தவறாமல் கட்டியாக வேண்டும்.

கட்டினால் மட்டும் போதாது, காகிதத்தை எப்போதும் கையோடு வைத்திருக்கணும். போலீஸ் திடீரென்று வந்து கேட்கும். குழிக்குள் இருக்கிறவன் மேலே ஏறி வந்து காட்டணும். ஈரத்தில் நனைந்து போகும் என்று கூடாரத்தில் வைத்துவிட்டு வந்தால் கைது. 1854-ல் வந்த கவர்னர் சார்லஸ் ஹாதம், இந்த வேட்டையை வாரத்துக்கு இரண்டு தடவை நடத்தச் சொன்னார். வரியும் கட்டணும், ஓட்டும் கிடையாது. நிலம் வாங்கி விவசாயம் செய்து பிழைக்கலாம் என்றால், நிலமெல்லாம் ஆட்டுப் பண்ணை முதலாளிகளின் குத்தகையில்.

1854 அக்டோபரில் ஜேம்ஸ் ஸ்கோபி என்கிற தோண்டுபவர் யூரேகா ஹோட்டல் அருகே கொல்லப்பட்டார். ஹோட்டல்காரர் பென்ட்லியை உள்ளூர் நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். கூட்டம் ஹோட்டலைக் கொளுத்தியது. நவம்பர் 11-ந் தேதி பல்லாரட் சீர்திருத்தச் சங்கம் உருவானது. ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை, உறுப்பினர் ஆக சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினர்களுக்குச் சம்பளம், குறுகிய ஆயுளுள்ள சட்டமன்றம் என்று கோரிக்கைகள் வைத்தார்கள். அப்படியே இங்கிலாந்தின் சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் பட்டியல்.

நாலைந்து நாள் தலைவர்

இப்போது லாலர் எங்கே? அங்கேதான் குழி தோண்டிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியலின் முன்னணி முகம் அவர் இல்லை. சங்கத்தின் குரலாக இருந்தவர் ஜான் பாசன் ஹம்ஃப்ரே. வேல்ஸ்காரர், வன்முறை கூடாது, அறத்தின் பலத்தாலேயே சாதிக்கலாம் என்ற கட்சி. லாலர் மேடை ஏறினது நவம்பர் 29 கூட்டத்தில்தான். அன்றைக்குத்தான் லைசென்ஸ் காகிதங்களைத் தீயில் போட்டார்கள். மறுநாள் அதிகாரிகள் வீம்புக்கென்றே இன்னொரு லைசென்ஸ் வேட்டை நடத்தினார்கள். பழைய தலைவர்கள் விலகி நிற்க, யாராவது ஒருத்தர் முன்னே வர வேண்டிய நேரம். 27 வயசு லாலர் ஒரு மரத்தின் அடிக்கட்டை மேல் ஏறி நின்றார். தென்சிலுவைக் கொடியின் கீழ், ஒருவருக்கொருவர் துணை நிற்போம், உரிமையைக் காப்போம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தார்.

டிசம்பர் 3, ஞாயிறு, விடிவதற்கு முன்னால் சிப்பாய்களும் போலீசுமாகக் கிட்டத்தட்ட 300 பேர் வந்து மரத்தடுப்பைத் தாக்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் 150 பேர் அளவில்தான். கால் மணி நேரச் சங்கதி. இருபதுக்கும் மேற்பட்ட தோண்டுபவர்கள் செத்தார்கள். லாலரின் இடது கையில் குண்டு. பலகைகளுக்கு அடியில் அவரை மறைத்து வைத்து, பிறகு பாதிரியார் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையை வெட்டி எடுத்தார்கள்.

தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் 1855-ல் மெல்பர்ன் ஜூரி விடுதலை செய்தது. மாதாந்திர லைசென்ஸ் ஒழிந்தது; வருஷத்துக்கு ஒரு பவுண்டு கட்டினால் தோண்டும் உரிமையும் ஓட்டும் என்றானது. தங்கவயல்களுக்குச் சட்டமன்றத்தில் இடம் கிடைத்தது. ஜீலாங்கில் ஒளிந்திருந்த லாலர், இந்தச் சீர்திருத்தங்களை முன்னாடியே செய்திருக்கலாமே, பிரிட்டிஷ் அரசாங்கம் ரத்தத்தைப் பார்த்தால்தான் அசையுமா என்று அந்த ஏப்ரலில் பத்திரிகையில் கேட்டார். நியாயமான கேள்வி. நவம்பரில் ஹம்ஃப்ரேயும் லாலரும் பல்லாரட்டிலிருந்து போட்டியின்றித் தேர்வானார்கள்.

லாலர் கலகத் தலைவராக இருந்தது, மேடையேறிய நாளிலிருந்து எண்ணினாலும், ஐந்து நாளுக்கு மேல் இல்லை. அந்த ஐந்து நாளில் அவர் எதிர்த்தது லைசென்ஸ் வேட்டையை, அதாவது அரசாங்கத்தின் அடாவடியை. சார்ட்டிஸ்ட் பட்டியலை அவர் தோளில் ஏற்றினது பின்னால் வந்தவர்கள்.

ஓட்டுப் பதிவேடு என்ன சொல்கிறது

1856-ல் தேர்தல் சட்டம் விவாதத்துக்கு வந்தது. சொத்து உள்ளவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டு, கூலிக்காரர்களுக்கு ஆறு மாதம் ஒரே இடத்தில் குடியிருந்தால்தான் ஓட்டு. லாலர் இதை ஆதரித்தார்.

இந்த ஆறு மாத நிபந்தனையைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. தங்கவயலில் பிழைக்கிறவன் யார்? பெண்டிகோவில் தங்கம் என்று சேதி வந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறவன். மூணு மாதம் இங்கே, நாலு மாதம் அங்கே. இந்த நிபந்தனை யாருடைய ஓட்டைக் கழிக்கும் என்று பல்லாரட்காரர் ஒருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. மரத்தடுப்புக்குள் லாலரோடு நின்றவர்களில் எத்தனையோ பேர் அந்த ரகம்தான். தொகுதிக்காரர்கள் கொதித்துப் போய், ராஜினாமா செய் என்றார்கள். அதில் வியப்பில்லை.

அதற்கு லாலர் கொடுத்த பதில்தான் அவர் வாழ்க்கையைப் படிப்பதற்கான சாவி என்று நினைக்கிறேன். ஜனநாயகம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். சார்ட்டிசம், கம்யூனிசம், குடியரசுவாதம் என்றால் நான் முன்பும் ஜனநாயகவாதி இல்லை, இனியும் இல்லை. கொடுங்கோல் பத்திரிகை, கொடுங்கோல் மக்கள், கொடுங்கோல் அரசாங்கம் ஆகியவற்றை எதிர்ப்பதுதான் ஜனநாயகம் என்றால் நான் எப்போதும் அதுவே. இதுதான் சாரம்.

பல பேர் இந்தப் பதிலை ஒரு சாமர்த்தியமான தப்பித்தலாகப் படிக்கிறார்கள். எனக்கு அது நேர்மையான வாக்குமூலமாகத் தெரிகிறது. அந்த நடு வார்த்தையைப் பாருங்கள்: கொடுங்கோல் மக்கள். தன்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் ராஜினாமா செய் என்று கேட்பதும் அவருக்கு ஹாதமின் போலீஸ் போல ஒரு அடாவடிதான். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், தன் உழைப்பிலும் உடைமையிலும் கை வைக்கிற அதிகாரத்தை எதிர்ப்பது. அவ்வளவுதான் அவர் கொள்கை. எல்லோருக்கும் சம அதிகாரம் என்பது அதில் சேர்த்தி இல்லை.

இது எங்கிருந்து வந்தது? குடும்பத்தைப் பார்த்தால் புரியும். அப்பா பேட்ரிக் லாலர், அயர்லாந்தில் வசதியான விவசாயி. கத்தோலிக்கர்களும் ஆங்கிலிக்கன் தேவாலயத்துக்குத் தசமபாகம் கட்ட வேண்டும் என்றிருந்ததை எதிர்த்துக் கட்ட மறுத்தவர், பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். அண்ணன் ஜேம்ஸ் ஃபின்டன் லாலர், நிலம் உழுகிறவனுக்கே என்று எழுதிய புரட்சிக்காரர், 1849-ல் இறந்தார். அப்பாவுக்குத் தசமபாகம், அண்ணனுக்குக் குத்தகை, தம்பிக்கு லைசென்ஸ். மூன்றும் ஒரே வீட்டுச் சண்டை: பாடுபடுகிறவன் மேல் மேலே இருக்கிறவன் சுமத்துகிற தண்டல். இந்தச் சண்டையின் நாயகன் துண்டு நிலமாவது வைத்திருக்கிறவன். அதுவும் இல்லாத கூலிக்காரனுக்கு லாலரின் கொள்கையில் தனி இடம் இல்லை.

ஹம்ஃப்ரேயை இந்த இடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆயுதம் வேண்டாம் என்றதால் கோழை என்று ஏச்சு வாங்கியவர். அவரும் சட்டமன்றம் போனார், சுரங்கத் துறை அமைச்சராகவும் இருந்தார், தங்கவயல் தொகுதியையே நம்பி நின்றார், பிற்பாடு தோற்றார், கடைசிக் காலத்தில் வறுமைப்பட்டு 1891-ல் இறந்தார். வாக்குரிமைக் கோரிக்கைக்கு உண்மையில் சொந்தக்காரர் யார் என்றால் இவர்தான். லாலர் பெயரில் மெல்பர்ன் பகுதியில் ஒரு நாடாளுமன்றத் தொகுதியே இருக்கிறது. பின்னாளில் பிரதமரான ஜூலியா கில்லார்ட் அங்கிருந்துதான் தேர்வானார். ஹம்ஃப்ரேக்கு பல்லாரட்டில் ஒரு தெரு. துப்பாக்கிச் சத்தம் கேட்ட இடத்தில்தான் வரலாறு நின்று வேடிக்கை பார்க்கும் போல.

அப்போ கட்சி மாறவில்லையா?

1859-ல் லாலர் தங்கவயல் தொகுதியை விட்டுவிட்டு தெற்கு கிராண்ட் தொகுதிக்கு மாறினார். பழைய இடத்தில் தேற முடியாது என்ற நிலை. அங்கே தொடர்ந்து ஜெயித்தார், 1871-ல் தோற்றார், எழுபதுகளின் நடுவில் திரும்பி வந்தார்.

துரோகி கட்சிக்காரர்கள் இந்த இரண்டாம் வருகையைச் சட்டென்று கடந்துவிடுவார்கள். 1877-ல் கிரஹாம் பெரி அமைத்த அரசில் லாலர் அமைச்சர், வணிகமும் சுங்கமும் அவர் பொறுப்பு. பெரியின் அரசு அந்தக் காலனி கண்ட தீவிரமான அரசுகளில் ஒன்று. பெரிய நிலக்கிழார்கள் மேல் நிலவரி போட்டது. உள்ளூர்த் தொழிலைக் காக்க இறக்குமதி வரிக் கொள்கையை உயர்த்திப் பிடித்தது. மேலவையோடு மல்லுக்கு நின்று, 1878 ஜனவரியில் நீதிபதிகள் உட்படப் பெருந்தொகை அரசு ஊழியர்களை ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பியது. பணக்காரர் பக்கம் சாய்ந்த ஒரு துரோகி இந்த அமைச்சரவையில் எதற்கு உட்காருவார்?

வீரர் கட்சிக்காரர்கள் இதைக் காட்டி, பார்த்தீர்களா, அவர் உள்ளுக்குள் எப்போதும் ஜனநாயகவாதிதான் என்பார்கள். அதுவும் தேவையில்லை. சிறு உடைமையாளன் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் எல்லாம் பொருந்திப் போகிறது. லைசென்ஸை எதிர்த்தது, அலைகிற கூலிக்காரன் ஓட்டுக்குக் கட்டுப்பாடு போட்டது, பெரும் பண்ணைகள் மேல் வரி போட்டது, மூன்றும் ஒரே ஆள் செய்கிற காரியங்கள்தான். லாலர் கட்சி மாறவில்லை. அவர் இருந்த கட்சியை நாம்தான் தப்பாகக் குறித்து வைத்தோம்.

ஆனால் க்ளூன்ஸ்?

இந்த இடத்தில் நிறுத்தினால் கட்டுரை லாலருக்கு வக்காலத்து ஆகிவிடும். நிறுத்த முடியாது. 1873 இருக்கிறது.

அப்போது லாலர் சட்டமன்றத்தில் இல்லை. பல்லாரட்டுக்கு வடக்கே க்ளூன்ஸ் என்ற ஊரில் லோதேர் சுரங்கக் கம்பெனியின் இயக்குநர். தங்கம் இப்போது தனி ஆள் தோண்டுகிற சமாச்சாரம் இல்லை. பாறையை உடைக்க இயந்திரம், பங்குதாரர், கூலி என்று கம்பெனித் தொழிலாகிவிட்டது. சனிக்கிழமை பிற்பகலிலும் வேலை பார்க்க வேண்டும் என்று கம்பெனி சொல்ல, தொழிலாளிகள் மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி பணியவில்லை. பல்லாரட், கிரெஸ்விக் பக்கமிருந்து சீனத் தொழிலாளிகளைக் கூட்டி வந்து சுரங்கத்தை ஓட்டப் பார்த்தது. டிசம்பர் 9-ந் தேதி, போலீஸ் துணையோடு கோச்சு வண்டிகளில் அவர்கள் வந்தபோது, ஊரே திரண்டு சாலையை அடைத்துக் கல்லெறிந்து திருப்பி அனுப்பியது.

யூரேகாவுக்குக் கிட்டத்தட்ட பத்தொன்பது ஆண்டு நிறைவு. சாலையில் தடுப்பு, எதிரே போலீஸ், தடுப்புக்குப் பின்னால் சுரங்கத்தில் உழைக்கிறவர்கள். லாலரின் கம்பெனி இப்போது போலீஸ் நிற்கிற பக்கம். இதற்கு மேல் ஒரு நாடக ஆசிரியர்கூட யோசிக்க மாட்டார்.

நான் மேலே சொன்ன அளவுகோல் இங்கேயும் பொருந்தும்: உடைமையாளன் தன் உடைமையைக் காக்கிறான், அவ்வளவுதானே என்று சொல்லலாம். ஆனால் விளக்கம் கிடைத்துவிட்டது என்பதற்காக அது நியாயம் ஆகிவிடாது. 1854-ல் குழிக்குள் நனைந்துகொண்டு நின்றவனுக்கு, பலமுள்ளவன் தன் நிபந்தனையைத் திணிக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரியும். பலமுள்ளவன் கவர்னராக இருந்தால் அடாவடி, கம்பெனியாக இருந்தால் வியாபாரம் என்று பிரித்துப் பார்த்ததுதான் லாலர் கொள்கையின் ஓட்டை. அந்த ஓட்டை 1856 ஓட்டிலேயே தெரிகிறது. க்ளூன்ஸில் அது கிழிந்து பெரிதானது.

லாலரை இந்தச் சம்பவத்துக்காகத் திட்டுகிறவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. இரு தரப்புச் சொல்லலிலும் அந்தச் சீனர்கள் வெறும் கருவிதான். 1855-லேயே விக்டோரியா, கப்பலில் வருகிற சீனர் ஒவ்வொருவருக்கும் பத்துப் பவுண்டு தலைவரி போட்டிருந்தது. லைசென்ஸ் கொடுமை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அது ஒழிந்த அதே ஆண்டுதான் இந்தத் தலைவரி வந்தது. அந்த வரியைக் கட்டிவிட்டோ, அதைத் தவிர்க்க பக்கத்துக் காலனியில் இறங்கி நூற்றுக்கணக்கான மைல் நடந்தோ வந்தவர்கள் இருந்த சமூகம் அது. க்ளூன்ஸ் சாலையில் கல்லடி பட்டவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. தொழிலாளர் ஒற்றுமையின் வெற்றி என்று கொண்டாடுகிறவர்கள், அந்த ஒற்றுமை யாரை வெளியே நிறுத்திக் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கொடிக்கு யார் சொந்தம்

1880-ல் சபாநாயகர், 1887-ல் உடல்நலம் கெட்டு விலகல், சட்டமன்றம் கொடுத்த 4,000 பவுண்டு, வேண்டாம் என்று சொன்ன சர் பட்டம், 1889 பிப்ரவரியில் மரணம். ஒற்றைக் கையோடு சபையை அவர் கறாராக நடத்தினார் என்று எதிர்த்தரப்பும் மதித்தது. 1893-ல் பல்லாரட்டின் ஸ்டர்ட் தெருவில் சிலை. பேரன் கேப்டன் ஜோசப் பீட்டர் லாலர் 1915-ல் கலிப்போலியில், பிரிட்டிஷ் பேரரசுக்காகப் போரிட்டு இறந்தார்.

அவர் உறுதிமொழி வாங்கிய அந்தத் தென்சிலுவைக் கொடியை இன்றைக்கு ஆஸ்திரேலியாவில் தொழிற்சங்கங்களும் தூக்குகின்றன, வந்தேறிகளை வெறுக்கிற தீவிர தேசியவாதிகளும் தூக்குகிறார்கள். இரண்டு பேருக்கும் அந்த டிசம்பர் காலையின் கால் மணி நேரம் போதுமானதாக இருக்கிறது. அதற்குப் பிறகான முப்பது சொச்சம் ஆண்டுகளைத் திறந்து பார்த்தால் இரண்டு பேருக்குமே கொடி கனக்கும்.

சபாநாயகராக இருந்ததாலோ துப்பாக்கி எடுத்ததாலோ லாலர் முக்கியமானவர் ஆகிவிடவில்லை. அடாவடி அரசாங்கத்தை உயிரைக் கொடுத்து எதிர்க்கிற ஒருவர், எல்லோருக்கும் சம ஓட்டு என்பதை மனசார நம்பாதவராக இருக்கலாம் என்பதற்கு இவ்வளவு சுத்தமான உதாரணம் சுலபமாகக் கிடைக்காது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆண்களுக்கு வாக்குரிமை விக்டோரியாவில் 1857-லேயே வந்தது. ஆனால் சொத்துக்காரர்களின் பல ஓட்டு, லாலர் ஆதரித்த அதே ஓட்டு, 1899 வரை ஒழியவில்லை. அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து. யூரேகாவில் ஜெயித்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.